எண் போடாத மரங்கள்

கன்னிமார் காட்டுக்குள் இரும்பு போகக்கூடாது. எங்கள் ஊரில் சட்டங்கள் பல உண்டு. எல்லாரும் கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான். காட்டின் வாயிலில் ஒரு தட்டைக் கல் கிடக்கிறது. உள்ளே போகிறவர்கள் அரிவாள், சாவிக்கொத்து, கொண்டை ஊசி எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். வரும்போது எடுத்துக்கொள்வார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டின் கழுத்து மணியைக்கூடக் கழற்றி வைப்பார்கள். செல்போன் இரும்பா இல்லையா என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கட்சி.

அரிவாள் போகாததால் மரங்கள் நின்றன. மொத்தம் மூன்று ஏக்கர்கூட இல்லை. ஏரி நிரம்பி வழியும் கலங்கலிலிருந்து வரும் ஓடையை ஒட்டி, ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தியதுபோல ஒல்லியாக, நீளமாகப் போகும். வீரை, பாலை, காசான், உசிலை. நடுவில் ஏழு கற்கள், அவைதான் கன்னிமார். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வேர்க்கடலை. மேற்கில் போன வருடம்வரை கேழ்வரகு இருந்த இடத்தில் இப்போது மஞ்சள் அடித்த மனைக்கற்கள். அந்த மனைகளுக்கு அச்சரப்பாக்கம் ரோட்டிலிருந்து நேர்வழி வேண்டுமென்றால் அது காட்டின் வழியாகத்தான் வர வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

நான் செங்கல்பட்டில் தாவரவியல் படித்தேன். என் ஆய்வேடு முழுக்க இந்த மூன்று ஏக்கர்தான். படித்து முடித்து ஏழு மாதம் வீட்டில் இருந்தபோது, ஊராட்சித் தலைவர் காசிநாதன் வந்து ஒரு தற்காலிக வேலை சொன்னார். மாவட்டத்தில் நல்ல நிலையில் இருக்கும் சிறு காடுகளைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். மரங்களைக் கணக்கெடுத்துப் பதிவேடு தர வேண்டும். குழு வந்து பார்க்கும். அறிவித்துவிட்டால் ரோடும் வராது, மனையும் வராது.

வீட்டில் மரம் கணக்கெடுக்கிற வேலை என்று மட்டும் சொன்னேன். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

குழுவின் அலுவலர் பார்த்தசாரதி என்பவர். ஒவ்வொரு மரத்திலும் அலுமினியத் தகட்டை ஆணியால் அடிக்க வேண்டும் என்று போனில் சொன்னார்.

"ஆணி இரும்பு சார்" என்றேன்.

"ஆமா?"

"இரும்பு உள்ள போகக்கூடாது சார்."

அவர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "அப்ப பெயிண்ட்ல போட்டுடுங்க. வெள்ளைப் பட்டை, மேல சிவப்பு நம்பர். தெளிவா தெரியணும்" என்றார். அதிகாரி ஒருவரிடம் நான் வாதாடி ஜெயித்தது அதுவே முதல் தடவை.

எஃகு டேப்பைக் கல்லில் வைத்துவிட்டு, அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன். பெயிண்ட் டப்பாவும் தகரம் என்பதால், அதையும் கல்லில் வைத்து, வேண்டிய அளவு பிளாஸ்டிக் குவளையில் ஊற்றி எடுத்துப் போனேன். கொண்டை ஊசி இல்லாமல் முடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு விதியையும் நான் மீறவில்லை.

மூன்றாம் நாள், ஆடு ஓட்டி வந்த சின்னப்பொண்ணு அக்கா நின்று பார்த்தார்.

"இன்னாம்மா பிரியா, மரத்துக்கெல்லாம் பட்டை போட்டுகினு கீற?"

"கணக்கெடுக்கறேங்க்கா."

"யாருக்கு?"

"கவர்மெண்டுக்கு."

"எல்லா மரத்துக்குமா?"

"எல்லா மரத்துக்கும்."

அக்கா பக்கத்தில் இருந்த வீரை மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நல்ல மரம்மா" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். நான் இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவர் மேலே ஏதாவது கேட்பாரோ என்ற கூச்சத்தில் அடுத்த மரத்துக்குப் போய்விட்டேன்.

அறிவிப்பும் ஒட்டினேன். மாதிரிப் படிவத்தை அலுவலகத்திலேயே கொடுத்திருந்தார்கள். 'கீழ்க்கண்ட புல எண்ணில் உள்ள மரங்கள் கணக்கெடுக்கப்பட்டு எண்ணிடப்படுகின்றன. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்.' ஊராட்சி அலுவலகச் சுவரிலும், பால் சொசைட்டி சுவரிலும் ஒட்டினேன். இது போதும் என்று நினைத்தேன். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்வதைவிட எழுத்து தெளிவானது என்பது என் எண்ணம்.

அறுபத்தேழாவது மரத்தோடு சிவப்புப் பெயிண்ட் தீர்ந்தது. அடுத்தது ஓடை திரும்பும் இடத்தில் நிற்கிற பெரிய பாலை. மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். வெள்ளைப் பட்டை மட்டும் போட்டு நிறுத்தினேன். அதையும் சேர்த்து எண் போடாமல் இருபத்தெட்டு மரங்கள். மீதியை வந்து முடிக்கலாம் என்று, பதிவேட்டைத் தட்டச்சு செய்யச் செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். அங்கே தோழி அனுவின் அறையில் தங்க ஏற்பாடு.

பஸ்ஸுக்குப் போகிற காலையில் காட்டுப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பாசாமி பெரியப்பாவின் பம்புசெட்டிலிருந்து பச்சை ஓஸ் வரப்பின்மேல் வளைந்து வளைந்து காட்டுக்குள் போயிருந்தது. நாலைந்து பேர் மரம் மரமாக அதைத் திருப்பி, அடியில் தண்ணீர் தேங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே நின்றார்.

"இன்னா நைனா இது?"

"மழை இன்னும் வரலல்ல" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "மரம் காயுது. நீ போ, பஸ் வந்துடும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை எப்படி நிரப்புவது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அன்று மாலையே எழுதினேன். 'எண்ணிடப்பட்ட மரங்களுக்கு ஊர் மக்கள் தாமாகவே முன்வந்து நீர் பாய்ச்சுகின்றனர்.'

பதிவேட்டைக் கொடுத்துவிட்டு, புதிய சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு திரும்பப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்னவென்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் புரிந்தது. மனைக்கற்கள் தெரிந்தன. ரோட்டிலிருந்து பார்த்தால் அவை தெரியாது. நடுவில் காடு இருந்தது.

தட்டைக் கல்லுக்கு வெளியே அப்பாசாமி பெரியப்பாவின் டிராக்டர் நின்றது. நைனாவின் பெரியப்பா மகன் அவர். அதன் பின்னாலிருந்து, கட்டைவிரல் தடிமனில் நீல நைலான் கயிறு விறைப்பாகக் காட்டுக்குள் போயிருந்தது. உள்ளே ஆட்கள் மூங்கில் கழிகளால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். பெரியப்பா கியரைப் போட்டார். ஈர மண்ணிலிருந்து ஒரு உசிலை மரம், வாயிலிருந்து பல்லைப் பிடுங்குவதுபோல, வேரோடு வந்தது. இழுபட்டு என் காலடிக்கு வந்து நின்றது. என் கையெழுத்து. 67.

"பெரிப்பா, இன்னா பண்றீங்க?"

"வந்துட்டியா கண்ணு. அப்பால தள்ளி நில்லு. கயிறு அறுந்தா மூஞ்சில வந்து அடிக்கும்."

"மரத்த ஏன் சாய்க்கிறீங்க?"

"இன்னா கேள்வி இது? நீதானே நம்பர் போட்ட."

"நம்பர் போட்டது காப்பாத்தறதுக்கு."

அவர் இன்ஜினை அணைத்தார். உள்ளே இருந்தவர்களும் வந்து நின்றார்கள்.

"இன்னாத்துக்கு?"

"காப்பாத்தறதுக்கு. யாரும் வெட்டக்கூடாதுன்னு. ரோடு வரக்கூடாதுன்னு."

சின்னப்பொண்ணு அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "காப்பாத்தறதுக்கு எதுக்கும்மா நம்பரு? பெத்த புள்ளைய காப்பாத்தறவ அது நெத்தில நம்பரா எழுதிகினு இருக்கா?"

"பெரிய ரோட்டை அகலம் பண்ணாங்களே, உனக்கு அப்போ ஒரு வயசு" என்றார் பெரியப்பா. "நம்ம ஊரு திருப்பத்துலேர்ந்து புளிய மரமா நிக்கும். இதே வெள்ளைப் பட்டை. இதே செவப்பு நம்பரு. இதே நோட்டீசு, முப்பது நாளு. ஏலம் வுடுவாங்கோ, சட்டப்படி எடுத்துக்கலாம்னு மரியாதையா குந்திகினு இருந்தோம். ஒரு நா காலைல லாரியா வந்து அத்தினியும் ஏத்திகினு பூட்டான். அடுப்புக்கு ஒரு சுள்ளி வுடல. இந்த வாட்டி மனைக்காரனுக்கு ரோடு வுடப் போறான், அதான் புள்ளைய வச்சி நம்பர் போடறான்னு எங்களுக்குப் புரியாதா? இந்த வாட்டி உசாராயிட்டோம்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதுன்னுதான் நீ இல்லாதப்போ ஆரம்பிச்சோம். உங்க அப்பன்தான் சொன்னான்."

நான் கல்லைப் பார்த்தேன். பிறகு காட்டைப் பார்த்தேன். வேறு எதுவும் தோன்றாமல், "இரும்பு..." என்றேன்.

பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தோ பாரு. கயிறு நைலானு. கழி மூங்கிலு. டிராக்டரு கல்லுக்கு இந்தாண்டதான் நிக்குது. கெளைய கழிக்கறதுகூட வெளிய இட்டாந்துதான். பத்து நாளா ஒரு ஊக்குகூட உள்ள போவல. வேரு எளகட்டும்னு தண்ணி வுட்டதுகூட பிளாஸ்டிக் ஓஸ்ல. கன்னிமாரு மேல சத்தியம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்றிய பெருமை அவர்கள் முகத்தில் இருந்தது.

"அப்ப அந்தப் பெரிய பாலை?"

"அத்த எப்படி தொடறது? பட்டைதான கீது, நம்பர் வரலியே. அத்தப் பத்தி கோயில்ல ஒக்காந்து பேசினோம். நம்பர் இல்லாத மரத்து மேல கை வச்சா கேஸாயிடும்னு வுட்டுட்டோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு. காப்பாத்தறதுக்குன்ற. நம்பர் போட்டது ஒண்ணாவது நிக்குதா? போடாதது எல்லாம் நிக்குது."

அறுபத்தேழில் அறுபத்தேழு. இருபத்தெட்டில் இருபத்தெட்டு. இவ்வளவு தெளிவான முடிவு என் ஆய்வேட்டில்கூட வரவில்லை.

"திருப்பி நம்பர் போடறதா இருந்தா ரெண்டு நா முன்னாடியே சொல்லிடு கண்ணு" என்றார் அவர், டிராக்டரைக் கிளப்பிக்கொண்டே. "தண்ணி பாய்ச்சணும்ல."

வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு வீரை மரம் கிடந்தது. கிளைகள் கழிக்கப்பட்டு, நடுமரம் மட்டும். வெள்ளைப் பட்டையில் 1. முதல் மரம் என்பதால் மிகவும் நிதானமாக எழுதியிருந்தேன்.

நைனா அதன் பக்கத்தில் நின்றார்.

"நீ மொதல்ல எழுதினதுன்னு சின்னப்பொண்ணு சொல்லிச்சி" என்றார். "மத்தவன் கொண்டுபோய் அடுப்புல வச்சிடுவான். அதான் நானே கேட்டு வாங்கியாந்தேன்."

நான் அழுதிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து நைனா பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டார்.

பார்த்தசாரதி சாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே, "டூர் புரோகிராம் அப்ரூவ் ஆயிடுச்சும்மா. வந்து பாத்துக்கறோம்" என்றார்.

ஒன்பது நாள் கழித்துக் குழு வந்தது. இரண்டு ஜீப், ஐந்து பேர். ஊரே வந்து நின்றது. டிராக்டர் நூறு அடி தள்ளிப் புங்க மர நிழலில் நின்றது. பெரியப்பா அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஓஸைச் சுருட்டிப் பின்னால் போட்டிருந்தார்.

"சாமி, பெல்ட்டு" என்றார் சின்னப்பொண்ணு அக்கா.

பார்த்தசாரதி சார் திரும்பிப் பார்த்தார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் பெல்ட்டைக் கழற்றினார். சாவி, பேனா, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் கல்லில் வைத்தார். நானும் வண்டிச் சாவியையும், கொண்டை ஊசிகளையும், பையிலிருந்த புதிய சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் எடுத்து அங்கேயே வைத்தேன். வேலை முடிக்கத்தானே வாங்கியது. டப்பாவைக் கண்டதும் பெரியப்பா சாய்ந்திருந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார்.

உள்ளே நடந்தோம். சார் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் என் பதிவேட்டைப் புரட்டினார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குப் பதிவேடு பிடித்திருந்தது.

"ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க. மாவட்டத்துலயே இதான் பெஸ்ட். உயரம், சுற்றளவு, பூக்கும் மாசம் எல்லாம் இருக்கு." பக்கத்தைத் திருப்பினார். "தண்ணிகூட ஊத்தறாங்கன்னு எழுதியிருக்கீங்க."

"ஊத்தினாங்க சார்."

"ஆனா பாருங்க, இதுல இருக்கற மரம் ஒண்ணும் இங்க இல்ல. இங்க இருக்கற மரம் ஒண்ணும் இதுல இல்ல." அவருக்கு அதில் வருத்தம் இல்லை. இரண்டு காகிதங்கள் ஒத்துப்போகாததைச் சுட்டுகிற குரல். பிறகு ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நின்று, காலால் ஆழம் பார்த்தார். "இதெல்லாம் என்ன குழி?"

"மரம் இருந்த இடம் சார்."

"மூணடி இருக்கும்போல. எத்தனை?"

"அறுபத்தேழு."

கூட வந்தவரிடம் திரும்பினார். "மரக்கன்று நடற திட்டத்துல இந்த ஊரைச் சேத்துடலாம். குழி ரெடியா இருக்கு. மத்த ஊர்ல குழி வெட்டறதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சுடுது."

ஓடைத் திருப்பத்துக்கு வந்தோம். பெரிய பாலை வெள்ளைப் பட்டையோடு நின்றது. மேலே கொண்டைக்குருவிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. காடு முழுக்க இருந்தவை எல்லாம் இப்போது இங்கேதான் இருக்க வேண்டும். சார் அண்ணாந்து பார்த்தார். ஒரு நிமிடம் பதிவேட்டை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"இது நிக்கணும்" என்றார். "மீதி எத்தனை இருக்கு?"

"இருபத்தெட்டு சார்."

"போதும். இந்த இருபத்தெட்டை வச்சே சிபாரிசு பண்ணிடலாம். இன்னிக்கே நம்பர் போட்டு போட்டோ எடுத்துடுங்க. நாங்க வெயிட் பண்றோம்."

நான் திரும்பிப் பார்த்தேன். முன்பெல்லாம் இந்த இடத்திலிருந்து வெளியே எதுவும் தெரியாது, பேசுவதும் வெளியே கேட்காது. இப்போது எல்லாம் தெரிந்தது. கல் தெரிந்தது, டப்பா தெரிந்தது. ஊர் மொத்தமும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது தெரிந்தது. பெரியப்பா ஓஸைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் இல்ல சார்" என்றேன்.

"என்னது?"

"சிவப்பு பெயிண்ட் தீந்துடுச்சு."

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. சத்தமாகப் பேசியும் பழக்கம் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டேன். குரல் வெளியே கல்வரை கேட்டிருக்கும்.

"வாங்கலையா?"

"வாங்கணும் சார்."

சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார். கடிகாரமும் கல்லில்தான் இருந்தது. "சரி, அப்ப நம்பர் இல்லாம லிஸ்ட் மட்டும் குடுங்க. எந்த மரம்னு எப்படி அடையாளம் காட்டுவீங்க?"

"எழுதிடறேன் சார். ஓடைத் திருப்பத்துல பெரிய பாலை. அதுக்குக் கிழக்க ரெட்டை வீரை. கன்னிமாருக்குப் பின்னால வளைஞ்ச காசான். எல்லாம் எனக்குத் தெரியும்."

"ஃபார்மட்ல அதுக்குக் கட்டம் கிடையாது. பரவால்ல, குறிப்புல போடுங்க. நம்பர் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம். அது போதும் என்று தோன்றியது.

வெளியே வரும்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது. அவருடைய பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மூடியில் வட்டமாகச் சிவப்புப் புள்ளி.

கல்லின்மேல் நைனா உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கல்லில் யாரும் உட்காருவதில்லை. அவர் சம்மணம் போட்டு, தோள் துண்டை மடியில் பெரிதாக விரித்துக்கொண்டு, கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெல்ட்டை எடுத்து நீட்டினார். பிறகு சாவி. பிறகு பேனா, கண்ணாடிக் கூடு, கைக்கடிகாரம். எழுந்திருக்கவில்லை.

"இவர்?" என்றார் சார்.

"எங்க அப்பா சார்."

"ஓ. மரத்துக்குத் தண்ணி ஊத்தினவங்கள்ல இவரும் ஒருத்தரா?"

"ஆமாங்க" என்றார் நைனா. "மொத ஆளு."

சார் அவரோடு கைகுலுக்கினார். நைனா இடக்கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, வலக்கையைக் கொடுத்தார்.

ஜீப்கள் ரோட்டில் ஏறி மறையும்வரை யாரும் நகரவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார், பிறகு நைனாவைப் பார்த்தார். "நம்பர் போடலியா அப்போ?"

"போடல பெரிப்பா."

"அடுத்த வருசமா?"

"பாக்கலாம்."

அவர் ஓஸை மறுபடியும் சுருட்டி டிராக்டரில் போட்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான். "நான் சொன்னேன்ல" என்றார் பக்கத்தில் இருந்தவர்களிடம். "நம்பர் போடலன்னா ஒண்ணும் ஆவாது."

கூட்டம் கலைந்த பிறகு நைனா எழுந்தார். துண்டுக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து, குலுக்கிப் பார்த்தார். நிறையவே இருந்தது.

"பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு ஆவும்" என்றார்.